மங்கையர்க்கரசிக்கு மேற்கு

விண்டோவின் தலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திரையின் இடது ஓரத்தில் முட்டவிடுகிறார் மருதையன். அது சட்டென்று பாதித் திரைக்கு விரிந்து உட்காருகிறது. மீதிப் பாதி யாருக்கு என்று, திறந்திருக்கும் மற்ற விண்டோக்களைச் சிறிதாக்கி வரிசையாக நிறுத்திக் காட்டிக் கேட்கிறது கணினி. கண்ணாடியை மூக்கின் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, கிரயப் பத்திரத்துக்காக எதிரே காத்திருப்பவரிடம் தீர்ப்புச் சொல்கிறார்: “பாத்தீங்களா, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. ஒருத்தனுக்குப் பாதிய எழுதிக் குடுத்த கையோட, மீதி யாருக்குன்னு கேட்டுடும். விண்டோஸு நல்ல பஞ்சாயத்து.” வந்தவர் பலமாகத் தலையாட்டுகிறார். பத்திரம் கைக்கு வரும்வரை எழுத்தர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதே உசிதம் என்பது மன்னார்குடி வட்டாரத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

மருதையன் பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெகபர் அலியின் ஜெராக்ஸ் கடையை ஒட்டி, ஒரு மேசையும் ஒரு பெஞ்சும் கொள்ளும் அளவில் கடை. மேசையில் மூன்று கணினிகள். ஒன்று, விண்டோஸ் ஓடும் பழைய பெட்டி. இரண்டாவது, மாப்பிள்ளை புதிது வாங்கியதும் இவரிடம் தள்ளிவிட்டுப் போன மேக். மூன்றாவது ஒரு லேப்டாப். கீல் உடைந்து, திரை பின்னால் சாயாமல் இருக்கச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. அதில் லினக்ஸ். உலகத்தார் கணினியின் வேகத்தையும் கொள்ளளவையும் விசாரித்துக்கொண்டிருக்க, மருதையன் விசாரிப்பது ஒன்றே ஒன்றைத்தான்: ஒரு திரைக்குள் விண்டோக்கள் ஒன்றோடொன்று எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன?

இந்தத் துறையில் அவர் அளவுக்கு உழைத்தவர்கள் காவிரிக்குத் தெற்கே இல்லை என்று துணிந்து எழுதலாம். வடக்கே விசாரிக்கவில்லை.

மேக்கை அவர் ஜமீன் என்பார். “எவன் எங்க படுத்திருக்கான்னே தெரியாது. ஒருத்தன் மேல ஒருத்தன் கால போட்டுக்கிட்டுக் கெடப்பான். இப்பத்தான் அவனுக்கும் பாதி பாதியாப் பிரிக்கணும்னு புத்தி வந்திருக்கு.” மூன்று விரலால் மேலே தள்ளினால் எல்லா விண்டோவும் சிறுத்து வரிசைகட்டி நிற்பதை மட்டும் மெச்சுவார். “ஜமாபந்தி. எல்லாரையும் ஒரே எடத்துல நிக்கவச்சுப் பாத்துடலாம்.” அவருக்குத் தீராத மனக்குறை அந்தச் சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் விண்டோ மறைகிறது. மென்பொருள் மட்டும் கீழே ஒரு புள்ளி வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது. “பட்டா மாறிடுச்சு, அனுபோகம் மாறல. இப்படி ஒரு கேசு கோர்ட்டுல நின்னா தீருமா, சொல்லுங்க?”

லினக்ஸில் ஒரு வகை உண்டு. அதில் விண்டோக்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறவே ஏறாது. புதிதாக ஒன்று திறந்தால், இருப்பது தன் இடத்தில் பாதியை வெட்டிக் கொடுத்துவிட்டு நகரும். ஒன்றை மூடினால் பக்கத்தில் இருப்பது அந்த இடத்தையும் சேர்த்து உழுதுவிடும். “புறம்போக்கே கெடையாது. வரப்புக்கு வரப்பு பயிரு” என்று முதலில் அதில் மயங்கித்தான் கிடந்தார். பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒரே ஒரு விண்டோவை விட்டுப் பார்த்தார். அது முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு நின்றது. “ஒத்த ஆளுக்கு எதுக்குய்யா இவ்ளோ எடம்?” என்று அந்த வகையையே அழித்துவிட்டார்.

அவர் வீடு கொஞ்சம் பெரியது. இப்போது கூடத்தில் மட்டும் புழங்குகிறார். மற்ற அறைகள் மினிமைஸ் ஆகி இருக்கின்றன.

ஆராய்ச்சிக்குக் காரணம் மங்கையர்க்கரசி. மருதையனின் மனைவி. மகளுக்குப் பிரசவம் பார்க்கச் சிங்கப்பூர் போனவர். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது கைப்பேசியில் தாத்தாவைப் பார்த்து நாக்கைத் துருத்துகிறது. பாட்டி பொங்கலுக்கு வருவதாக இருந்தது, பிறகு சித்திரைக்கு, பிறகு குறுவை அறுப்புக்கு. விசா மட்டும் தவறாமல் நீண்டுகொண்டே போகிறது.

அதனால் காலையில் கடை திறந்ததும் மருதையன் வீடியோ அழைப்பைப் போட்டுவிடுவார். அங்கே மங்கையர்க்கரசி கைப்பேசியை மசாலா டப்பாவில் சாய்த்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். இங்கே இவர் பத்திரம் தட்டுவார். பெரும்பாலும் பேச்சு இருக்காது. வெங்காயம் நறுக்கும் சத்தம் இந்தப் பக்கம் வரும். கீபோர்டு சத்தம் அந்தப் பக்கம் போகும். குக்கர் கூவி மங்கையர்க்கரசி காதில் விழாவிட்டால் மருதையன் சந்தே அதிரக் கத்துவார்: “மங்கை! விசிலு!” ஜெகபர் அலி தன் கடையிலிருந்து எட்டிப் பார்ப்பார். “அண்ணே, சிங்கப்பூரு அடுப்ப மன்னார்குடியிலேந்து நிறுத்துற ஒரே ஆளு நீங்கதான்ணே.”

மத்தியானம் மெஸ் சாப்பாடு வந்தால் அந்தப் பக்கத்திலிருந்து மேற்பார்வை நடக்கும். “ஏங்க, அப்பளத்த மொதல்லயே தின்னுட்டா ரசத்துக்கு என்ன பண்ணுவீங்க?” மருதையன் அடுத்த வேளை அப்பளத்தைக் கடைசிவரை பாதுகாத்து வைத்து, கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டுவார்.

இதில் ஒரே இடைஞ்சல்: பத்திரத்தில் ஒரு சொடுக்குச் சொடுக்கினால், அது முன்னால் வந்து மனைவியை மூடிவிடும். ஒரு விண்டோ எப்போதும் மேலேயே நிற்கவேண்டும், எது வந்தாலும் அதை மறைக்கக்கூடாது. இந்த ஒரு வேண்டுகோளை எடுத்துக்கொண்டுதான் அவர் மூன்று ராஜ்ஜியங்களுக்கும் மனுப்போட்டார். விண்டோஸில் அதற்கென்று தனியாக ஒரு கருவியை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மேக்கில் அவர் தேடிய இடத்திலெல்லாம் அந்த வசதி தென்படவில்லை. செங்கல் முட்டுக் கொடுத்த லினக்ஸில் தலைப்பட்டையை வலது சொடுக்குச் சொடுக்கினாலே ‘எப்போதும் மேலே’ என்று வந்தது. போட்டி முடிந்தது. அன்றுமுதல் லினக்ஸ் திரையின் வலது ஓரம் மங்கையர்க்கரசிக்குச் சாசுவதமாகிவிட்டது. பத்திரம் எழுதுகிறவருக்கு வலது என்றால் கிழக்கு.

அதில்தான் வந்தது வினை.

நிலப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்ல வேண்டும். கிழக்கே யார் நிலம் இருக்கிறதோ, அவருக்கு மேற்கு என்று எழுதுவது வழக்கம். பக்கிரி என்பவர் ஒரு நஞ்சை வாங்கினார். பதிவுக்குப் போகுமுன் மருதையன் தம் கணீர்க் குரலில் பத்திரத்தை வாசித்துக் காட்டினார்: “நான்கெல்லையாவது, பெரிய வாய்க்காலுக்குத் தெற்கு, கோயில் மானியத்துக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, மங்கையர்க்கரசிக்கு மேற்கு, இதன் மத்தியில் உள்ள...”

“நிறுத்துங்க எழுத்தரய்யா” என்றார் பக்கிரி. “எனக்குக் கெழக்கால யாரு?”

“மங்கையர்க்கரசி.”

“அங்க வடிகாலுல்ல இருக்கு? யாருங்க அந்தம்மா, வடிகாலுக்குள்ள?”

மருதையன் தாளைப் பார்த்தார். திரையின் வலது ஓரத்தைப் பார்த்தார். தாளை மடித்தார். தட்டும்போது கிழக்கே யார் என்று கண்ணை ஓட்டியிருக்கிறார். கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறார். தொழில் முறைப்படி, நேரில் பார்த்து எழுதிய எல்லைதான்.

பக்கத்துக் கடையிலிருந்து ஜெகபர் அலி உதவிக்கு வந்தார். “அவரு சம்சாரங்க. சிங்கப்பூர்ல இருக்காங்க.”

“சிங்கப்பூரா!” பக்கிரி பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். “அவங்களுக்கு மேக்கன்னா கடலு, நாகப்பட்டணம், திருவாரூரு அம்புட்டும் எனக்கா? அட, ஒரு மா நெலத்துக்குக் குடுத்த காசுக்கு இந்த எழுத்தரு கப்பலே ஓட்ட விட்டுட்டாரே!”

லேப்டாப்பிலிருந்து குரல் வந்தது: “ஏங்க, அங்க யாரு என் பேரச் சொல்றது?”

சந்தே சிரித்தது. மருதையனும் சிரித்தார், காது மட்டும் சிவந்திருந்தது. பத்திரம் அங்கேயே திருத்தப்பட்டது. ஆனால் எல்லை பிசகிய எழுத்தர் என்ற பெயர் லேசுப்பட்டதல்ல. பதிவாகியிருந்தால் பக்கிரியின் பேரன் காலம்வரை கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். மறுநாளிலிருந்து வருகிற கட்சிக்காரர்கள் எல்லாரும் பெஞ்சில் உட்காருமுன்பே, “கெழக்க மட்டும் ஒருதரம் பாத்துக்குங்கய்யா” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் பத்திரத்தை அடுத்த சந்து எழுத்தரிடமே கொண்டுபோய்விட்டார்.

மருதையன் முடிவெடுத்தார். கணினிகளில் ஒரு திரைக்குப் பின்னால் இன்னொரு திரை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. இந்த வசதியில் மூன்றும் சமம் என்று ஏற்கெனவே தீர்ப்பளித்திருந்தார். மங்கையர்க்கரசியின் விண்டோவை இரண்டாவது திரைக்குத் தள்ளினார். “வேற தாலுக்காவுக்கு மாத்தல்” என்று ஜெகபர் அலியிடம் அறிவித்தார். குரல் கேட்கும், முகம் தெரியாது. பத்திரம் மட்டும் முழுத் திரையில்.

அன்று காலை அவர் வழக்கத்தைவிட வேகமாகத் தட்டினார். ஒரு பிழை இல்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை.

“ஏங்க, ஏன் பேசவே மாட்டேங்குறீங்க?” என்றது குரல்.

“எப்பப் பேசுனேன்?”

“இல்ல, இந்தப் பக்கமே பாக்கலயே. காலையிலேந்து உங்க நெத்திதான் தெரியுது.”

அந்தப் பக்கம் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொல்வது போல: “மாப்ள விசாவ மறுபடியும் நீட்டிச்சு வாங்கிட்டாராங்க. பேரன ஸ்கூல்ல போடுற வரைக்கும் இருந்துட்டுப் போங்கங்குறா மக. நான் என்னத்தச் சொல்ல?”

“சரி.”

“சரின்னா?”

“சரிதான். பிள்ளைய யாரு பாத்துப்பா.”

“அறுப்புக்கு வர்றேன்னேன்.”

“அறுப்பு வருசா வருசம் வரும்.”

பெஞ்சில் காத்திருந்தவர் நாகரிகமாகத் தெருவைப் பார்த்தார். ஜெகபர் அலியின் ஜெராக்ஸ் இயந்திரம்கூட நின்றிருந்தது.

“பிள்ளையக் கீழ பார்க்குக்கு அழைச்சுட்டுப் போவணும். போன வச்சுடட்டுங்களா?”

“வைக்காத. அப்படியே இருக்கட்டும்.”

“ஆளில்லாத அடுப்படியில என்னத்தப் பாக்கப் போறீங்க?”

“நீ போயிட்டு வா.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மருதையன் இரண்டாவது திரைக்குப் போய், அந்த விண்டோவைப் பிடித்து முதல் திரைக்கே திரும்பக் கொண்டுவந்தார். அதில் அணைத்த அடுப்பு, துடைத்த மேடை, ஆணியில் தொங்கும் ஒரு கைப்பிடித் துணி. பெஞ்சில் இருந்தவர் “கெழக்க...” என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். மருதையன் பாதி தட்டியிருந்த பத்திரத்தின் கிழக்கு ஓரத்தைப் பிடித்து மேற்கே இழுத்தார். வரிகள் குறுகிக் குறுகி மடியும்வரை இழுத்து, அந்த அடுப்படிக்கு இடம் விட்டார்.