சீசனில் பார்த்த பாதி நாடகம்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மா, இதை வாசிப்பவர் எவராயினும் முதற்கண் என் வணக்கம். நான் பள்ளியில் அதிகம் பயின்றவன் அல்லன். கொடைக்கானலில் ஓர் ஓட்டலின் உணவுக்கூடத்தில் பரிமாறும் பணியில் இருந்து, விருந்தினர் மேசைமேல் விட்டுச் சென்ற நாளிதழ்களை வாசித்தே என் தமிழைத் திருத்திக்கொண்டவன். நடையில் குறை இருப்பின் பொறுத்தருள்க.

எங்கள் ஊரைக் கலைகளின் ஊர் என்று அண்மைக் காலமாகப் பலர் புகழ்கிறார்கள். அது பொய்யன்று. காபிக் கடைச் சுவர்களில்கூட ஓவியங்கள் தொங்குகின்றன. பள்ளி அரங்கில் பியானோ வாசிக்கிறார்கள். மே மாதம் பிறந்தால் பூங்காவில் கோடை விழா. கரகம், பரதம், நாடகம் என்று மாலைதோறும் மேடை நிறைகிறது. ஆனால் விழா நடப்பது சீசனில். இவ்வூரார் அனைவருக்கும் வேலை மிகுந்திருப்பதும் சீசனில்தான். ஓட்டலில் இருப்பவன் தட்டு ஏந்துவான். ஜீப் வைத்திருப்பவன் வண்டி ஓட்டுவான். குதிரை வைத்திருப்பவன் ஏரியைச் சுற்றிக்கொண்டிருப்பான். கலையைக் கீழிருந்து வருபவர்கள் கண்டு களிக்க, நாங்கள் அவர்களுக்குச் சூடாகத் தேநீர் தருவோம். நான் பணியில் இருந்தவரை கோடை விழாவோடு எனக்கிருந்த உறவு, "அந்தா பந்தல் தெரியுதுல்ல, அதாங்க சார்" என்று வாசலில் நின்று கை நீட்டியதோடு சரி. அதே ஓட்டலின் சலவைப் பிரிவில் இருந்த என் மனைவிக்கு அதுவும் வாய்க்கவில்லை.

இருவரும் ஓய்வு பெற்ற பின் வந்த முதல் சீசன் இது. அவளுக்கோ மூச்சிரைப்பு. மழைக்கு முன்பே மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திண்டுக்கல்லில் மகள் வீடு இருக்கிறது. என் மனைவி தடை சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"ஒரு நாடகமாச்சும் சேர்ல உக்காந்து, மொதல்ல இருந்து கடேசி வரைக்கும் பாத்துட்டுத்தாங்க எறங்குவேன்."

சிறிய ஆசை. ஆயினும் மே மாதத்தில் நாங்கள் குடியிருக்கும் நாயுடுபுரத்தின் ஒவ்வொரு வீடும் வாடகை வாங்காத விடுதியாகிவிடும் என்பதை நான் மறந்துவிட்டேன். மனைவியின் தம்பி, மதுரையிலிருந்து வேன் பிடித்துக் குடும்பத்தோடு வந்திறங்கினான். நாள்தோறும் காலையில், "மச்சான், உங்க ஊரு ஏசியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க" என்பான். நாள்தோறும் நாங்கள் சிரிக்க வேண்டும். அவர்களுக்கு வழி காட்ட நாங்களும் வேனில் ஏறினோம். ஒரு மாலை தூண் பாறையிலிருந்து திரும்புகையில் பூங்காவை ஒட்டிய சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. கரகாட்டத்தின் மேளத்தை வேன் சன்னல் வழியே கேட்டு முடித்தோம். மறுநாள் குழந்தைகளுக்குப் பிரியாணி வேண்டும் என்றார்கள், பரதம் போயிற்று.

அதற்கடுத்த நாள் என் மனைவி துணிந்துவிட்டாள். "நீங்க போயி போட்டு ஓட்டுங்க. எங்களுக்கு ஒரு சோலி கெடக்கு" என்று அவர்களை ஏரிக்கு அனுப்பி, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் கிளம்புவதாகத்தான் அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாம் வரிசையில் இடம் கிடைத்தது. சால்வையைத் தலையோடு போர்த்தி, கைகளை மடியில் வைத்து அவள் அமர்ந்திருந்த நிலையை நான் மேடையைவிட அதிகம் பார்த்தேன். நாடகம், பொதுக் கிணற்றைப் பங்கு பிரிக்கும் அண்ணன் தம்பியைப் பற்றியது. சண்டை முற்றுகிறது. கிழத்தாய் கிணற்றுக்குள் இறங்கிப் படியில் உட்கார்ந்துகொள்கிறாள். "தண்ணியப் பிரிச்சாச்சு. இனி என்னயப் பிரிங்கடா. அதுவரைக்கும் மேல வரமாட்டேன்" என்கிறாள். பிள்ளைகள் இருவரும் மேலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள்.

அப்போது என் கைப்பேசி அதிர்ந்தது.

"மச்சான், எங்க இருக்கீங்க? நாளைக்குக் காட் ரோடு ஜாமாகிருமாம். டிரைவரு இப்பவே எறங்கணுங்கிறாரு. வீடு பூட்டிக்கெடக்கு, பெட்டியெல்லாம் உள்ள இருக்கு."

மனைவியிடம் சொன்னேன். அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே எழுந்தாள். "நீங்க இருந்து பாத்து வந்து சொல்லுங்க" என்றாள். வழியனுப்ப வீட்டுக்காரன் இல்லாவிட்டால், வருகிற கல்யாணங்களில் எல்லாம் அதுவே பேச்சாக இருக்கும். நானும் எழுந்தேன்.

வீட்டில் அவள் மலைப்பூண்டும் கேரட்டும் கட்டிக் கொடுத்தாள். "என்னக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நாடகந்தான, டிவில போடுவான்" என்றான் தம்பி. அவள் பூண்டுப் பையின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். வேன் புறப்பட்டதும் பூங்காவுக்கு விரைந்தோம். மூச்சு வாங்க அவள் நின்று நின்று வந்தாள். பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாடகக் குழுவினர் கிளம்பிவிட்டிருந்தனர். நாற்காலி அடுக்க வந்தவர்கள் நாடகம் பார்க்கவில்லை; குழு எந்த ஊர் என்பதையும் அறியவில்லை.

"கெழவி மேல வந்தாளா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

அவளை மகள் வீட்டில் விட்டுத் திரும்பி, இங்குள்ள வீட்டைக் காலி செய்யும் வேலைகளுக்கிடையே, அக்கேள்வியோடு ஊரைச் சுற்றினேன். டாக்சி ஸ்டாண்டில், "சீசன்ல நமக்கேதுங்க நாடகம்?" என்று சிரித்தார்கள். ஓட்டலில் பழகிய ஒருவர், அன்று மாலை அறைகள் நிரம்பி இருந்தன என்று மட்டும் நினைவுகூர்ந்தார். பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள்; அவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். கடைசியில், பந்தலை ஒட்டி மிளகாய் பஜ்ஜி போட்ட பெண்மணியைக் கண்டேன்.

"காதுல விழுந்துச்சுங்க. ஆனா எண்ணெ காஞ்ச நேரம், எங்கிட்டுத் திரும்புறது? கடேசில எல்லாரும் கை தட்டுனாங்க. நல்லபடியாத்தான் முடிஞ்சிருக்கும்."

அதையே தொலைபேசியில் மனைவியிடம் சொன்னேன்.

"கை தட்டுனது கெழவி வந்ததுக்கா, நாடகம் முடிஞ்சதுக்கா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். விசாரித்துக்கொண்டே இருக்கும்படி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஐயா, அல்லது அம்மா, வேலையால் அந்நாடகத்தைக் காணாத ஓர் ஊரில் இருந்துகொண்டு இதை எழுதினேன். அதனை முழுதும் கண்ட ஒருவர் கையில் இது என்றேனும் சேரக்கூடும். ஆகவே இத்தாள்களை எறிந்துவிடாமல் வைத்திருந்து, பிறருக்கும் வாசிக்கத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.