எனக்கு நானே பொருந்திய கதை

நான் முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம். சாதாரண முட்டாளும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் படித்து, ஆராய்ந்து, மாநாடுகளில் படம் போட்டுக் காட்டி, பாடுபட்டு வளர்த்த முட்டாள்தனம் என்னுடையது.

அடுக்குமாடிக் கொண்டோ வாசலில் காவலாளி ஐசி என்கிற அடையாள அட்டையைக் கேட்பதுபோல, நம் உடம்பின் எதிர்ப்புச் செல்களும் எதிர்ப்படுகிற ஒவ்வொரு செல்லிடமும் அடையாளம் கேட்கும். அந்த அடையாளத்தை எழுதித் தருகிற மரபணுக்களைப் படிப்பதுதான் என் பிழைப்பு. ஒருவருடைய எலும்பு மஜ்ஜையை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் இரண்டு பேர் ஐசியும் ஒத்துப்போக வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு சோதனையிலும், கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, முடிவு ஏற்கெனவே தெரிந்த ஒரு டிஎன்ஏவையும் சேர்த்து ஓடவிடுவோம். அதற்குப் பெயர் கண்ட்ரோல். அது என்னுடைய டிஎன்ஏ. கேட்டபோதெல்லாம் கிடைக்கும், லீவு போடாது என்று ஆரம்பித்த பழக்கம்.

கிள்ளானில் இருக்கும் என் அக்காவுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்தில் அடங்கியது. ஆனால் திரும்பி வருவதற்குள் மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. மருத்துவமனையில் இருவருக்கும் இரத்தம் எடுத்துவிட்டு, முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

"பொறுமையா இருங்க" என்று நான் எத்தனை குடும்பங்களுக்குச் சொல்லியிருப்பேன்! எனக்கு மூன்றாம் நாளே இருப்புக் கொள்ளவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. எதிரில் சாப்பிட்டவர் தன் ரசத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, "அண்ணே, மேச ஆடுது லா" என்றார்.

சொந்தக்காரர்களின் மாதிரியை நாமே தொடக்கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். அப்படிப்பட்ட நான் கிள்ளானுக்குப் போய் அக்காவிடம் ஒரு குப்பியை நீட்டி, துப்பச் சொன்னேன்.

"இதுக்காடா இவ்ளோ படிச்ச?" என்று கேட்டுவிட்டுத் துப்பினாள்.

டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, சிறு குப்பியில் ஊற்றி, மூடியில் டேப் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் விடிந்ததும் சோதனைத் தட்டில் அக்காவுக்கு ஒரு குழி, கண்ட்ரோலுக்கு ஒரு குழி என்று ஊற்றி ஓடவிட்டேன். அதற்கடுத்த நாள் காலை முடிவு திரையில் வந்தது. அக்காவும் நானும் ஒன்று. கடைசி இலக்கம் வரை ஒன்று.

எந்த முடிவையும் இரண்டு தடவை பார்க்காமல் வாயைத் திறக்கக்கூடாது. இதுவும் என் பாடம்தான். ஐந்தே நிமிடத்தில் போன் போட்டேன்.

"அக்கா, பொருந்திடுச்சுக்கா! நூத்துக்கு நூறு!"

அந்தப் பக்கம் அத்தானைக் கூப்பிட்டு அழுதாள். நோய் என்று தெரிந்த அன்றுகூட அழாதவள்.

மத்தியானமே அக்காவைப் பார்க்க கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன். சுபாங் ஜெயா தாண்டும்போது போன் வந்தது. பதினைந்து வருடமாக என்னோடு வேலை பார்க்கும் உதவியாளர். காஜாங்கிலிருந்து வருகிற அம்மாள்.

"டாக்டர், உங்க அக்கா குப்பியில டேப்பே பிரிக்கலியே?"

"என்ன சொல்றீங்க?"

"ரெண்டு குழியிலயும் கண்ட்ரோலத்தான் ஊத்தியிருக்கீங்க. உங்களுக்கு நீங்களே பொருந்தியிருக்கீங்க லா."

எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். ஷா ஆலமில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்தேன். "வேலை வந்துருச்சுக்கா, ரெண்டு நாள்ல வரேன்" என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். போனில் சொல்லத் தைரியம் இல்லை.

இந்தத் தடவை அந்த அம்மாளே ஊற்றினார். என்னைக் கருவிப் பக்கமே விடவில்லை. முடிவு வந்தது. பாதி. அப்பாவிடமிருந்து எங்களுக்கு வந்தது ஒன்றேதான். அம்மாவிடமிருந்து வந்தது வேறு வேறு.

கிள்ளானில் வாசலிலேயே பக்கத்து வீட்டு ஆன்டி பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்கதானே குடுக்கப் போறது? நல்லா இருக்கணும்பா." தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. உன்னோடத நான் பாக்கவே இல்ல. ரெண்டு குழியிலயும் என்னோடதையே ஊத்திப் பாத்துட்டு ஒனக்கு போன் அடிச்சிட்டேன்."

அத்தான் டிவியை அணைத்தார். திட்டு விழுவதற்கு முன் நான் பேச ஆரம்பித்தேன், ஃப்ரிட்ஜுக்கும் சன்னலுக்கும் நடந்துகொண்டே. பாதி பொருந்தினாலும் இப்போதெல்லாம் மாற்றுகிறார்கள், முன்பு துணியமாட்டார்கள், மஜ்ஜை உள்ளே போனபிறகு சண்டைக்கு நிற்கிற செல்களை அடக்க மருந்து இருக்கிறது, ஆனால் ஆபத்து கூடுதல்தான், மருத்துவமனை முடிவும் வரவேண்டும், டாக்டர்தான் சொல்லவேண்டும், நானாக இனி எதையும் சொல்லமாட்டேன், என்மேல் கோபமிருந்தால் திட்டிவிடு, அடித்தாலும் சரி.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நடந்தது போதும், எப்ப குடுக்கிற?"