மெஹர் நிஷா பெருக்கிய நிலம்

மெஹர் நிஷாவுக்குக் கை சும்மா இருக்காது. யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் சாப்பிட்ட கையோடு அந்த வீட்டு சிங்க்கைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். "விடுங்க ஆன்ட்டி" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவர்கள் ஹூஸ்டனுக்குப் பக்கத்துக் கேட்டி நகரில் அநேகம் பேர். அவள் வேலை பார்க்கும் டேகேரில் பிள்ளைகள் கிளம்பிப் போன பிறகு பொம்மைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. கூத்தாநல்லூரிலிருந்து இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் டெக்சாஸ் வந்தபோது அவள் கொண்டுவந்த சொத்து இந்தப் பழக்கம் ஒன்றுதான் என்று அன்வர் பாட்சா கிண்டல் செய்வார். அவள் புருஷன். அவர் கிண்டல் செய்வதும் அவள் துடைத்த மேஜையில் உட்கார்ந்துதான்.

ஹூஸ்டனைச் சுற்றியுள்ள தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் அறுபது சேர்ந்து போன வருஷம் ஒரு நிலம் வாங்கின. மையவாடிக்கு, அதாவது அடக்கஸ்தலத்துக்கு. மவுத்தானவர்களை அடக்க இருந்த பொது இடம் குறைந்துகொண்டே வர, நமக்கென்று ஒரு காணி வேண்டும் என்று மூன்று வருஷம் அலைந்து பிடித்த இடம் அது. ஃப்ரீவேயில் ஒன்றரை மணி நேரம் போய், மாட்டுப் பண்ணைகளைத் தாண்டி, மண் ரோட்டில் இறங்க வேண்டும். கெய்ன்ஸ் பிராஞ்ச் என்று துருப்பிடித்த பலகை ஒன்று நிற்கும். ஊர் என்று ஒன்றும் கிடையாது. கமிட்டிக்குச் செயலாளர் அன்வர் பாட்சா. கவுண்டி ஆபீசுக்கு பெர்மிட்டுக்காக நடந்து நடந்து மனுஷன் பாதியாகிவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எல்லாரும் போய் நிலத்தைச் சுத்தம் செய்தார்கள். தலைமை யார் என்று கேட்கவே வேண்டாம். மெஹர் நிஷா கையுறை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். மேற்கு மூலையில், சீடர் மரங்களுக்கு அடியில், பார்த்தால் வயிறு எரியும் குப்பை. உடைந்த பீங்கான் கோப்பை, வெளுத்துப் போன சிப்பி, லாந்தர் கண்ணாடி, நின்றுபோன கடிகாரம், மூக்கில்லாத டீ ஜாடி. "யா அல்லாஹ், நெலத்த வித்தவன் வீட்டுக் குப்பையெல்லாம் இங்கயே கொட்டிட்டுப் போயிருக்கான் பாரு" என்று திட்டிக்கொண்டே பதினொரு கறுப்புப் பை நிறைய அள்ளினாள். ஒவ்வொரு குவியலுக்கும் அள்ளுமுன் ஒரு போட்டோ, அள்ளியபின் ஒரு போட்டோ. வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாமா? வராமல் வீட்டில் படுத்திருந்தவர்கள் பார்த்து வெட்கப்படட்டும்.

ஒரே ஒரு கிண்ணத்தை மட்டும் பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. நீலக் கண்ணாடி, ஒரு காது உடைந்திருந்தது, மற்றபடி அத்தனை அழகு. வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீரில் மூன்று தரம் கழுவி, ஹில்கிராஃப்ட் தெருக் கடையில் வாங்கிய பச்சை மிளகாயைப் போட்டு வைத்தாள். மூன்று வாரம் அது சாப்பாட்டு மேஜையிலேயே இருந்தது.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அன்வர் பாட்சா விஷயத்தைச் சொன்னார். டெனீஸ் என்று ஒரு அம்மா போன் செய்திருக்கிறாள். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், கறுப்பினத்தவள். கெய்ன்ஸ் பிராஞ்ச் அவளுடைய முன்னோர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதும் கட்டிய ஊராம். சர்ச், பள்ளிக்கூடம், பருத்திக் காடு எல்லாம் இருந்ததாம். நிலம் கைமாறிக் கைமாறி, ஊரே கலைந்து போய்விட்டது. மிச்சமிருக்கும் வயசானவர்களைத் தேடிப் பிடித்து அவர்கள் சொல்வதையெல்லாம் அவள் மைக் வைத்துப் பதிவு செய்கிறாளாம். சனிக்கிழமை நிலத்தைப் பார்க்க வருகிறாள்.

"அங்க அவங்க கல்லறை இருக்காம் மெஹரு. கல்லு வெக்க வசதி இல்லாதவங்க. செத்தவங்க கடைசியா பொழங்குன கப்பு, தட்டு, வெளக்கு, இதுகளை ஒடைச்சு மேல வெச்சிடுவாங்களாம். அதான் அடையாளமாம்."

மெஹர் நிஷாவின் கை மிளகாய்க் கிண்ணத்துக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த மகள் தஹ்ஸீன், "உம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள்.

"அதெல்லாம் நான்தாங்க அள்ளுனேன்."

"தெரியும். பை எல்லாம் அங்க ஷெட்டுக்குப் பின்னாலதான் கெடக்கு, லாரி இன்னும் வரல. ஆனா நீ வாயத் தொறக்காத." அன்வர் பாட்சா குரலைத் தாழ்த்தினார். "எந்த எடத்துல கல்லறை இருக்குன்னு அவங்களாலயே காட்ட முடியலன்னா கவுண்டி நம்ம பெர்மிட்ட நிறுத்தாது. காட்டிட்டா, பிளான் மொத்தமும் மாத்தணும். மூணு வருஷ உழைப்பு, மெஹரு."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. களைத்த மனுஷர். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் கண் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. அவளைப் பெற்ற அத்தா மவுத்தானபோது விசா சிக்கலில் அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவில் மண்மேடும், தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக இரண்டு மீசான் கல்லும். அவளுக்கு அத்தா என்று மிச்சமிருப்பது அந்த இரண்டு கல்தான். எவளோ ஒருத்தி வந்து சுத்தம் பண்ணுகிறேன் என்று அதைப் பிடுங்கிப் போட்டால்?

"கபுருல இருந்து எடுத்த கிண்ணத்துல மொளகா போட்டு வெச்சிருக்கேங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. "அங்க நம்ம மையத்த கொண்டுபோய் வெச்சா அது நல்லா இருக்குமா? நாள பின்ன நானே அங்கதான படுக்கணும். பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அன்வர் பாட்சா சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார். தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "சொல்றதுன்னா நீயே சொல்லு. எனக்கு நாக்கு எழாது" என்றார்.

சனிக்கிழமை டெனீஸ் தனியாக வந்தாள். மெஹர் நிஷாவின் வயசுதான் இருக்கும், ஐம்பத்து நாலு. கழுத்தில் சின்ன மைக். காரை விட்டு இறங்கியதும் மேற்கு மூலைக்கு நேராக நடந்தாள். வழுவழுவென்று சுத்தமாகக் கிடந்த தரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அந்த நிற்பைப் பார்த்ததும் மெஹர் நிஷாவுக்கு, கூலி கொடுத்தால்கூட யாரும் அப்படிப் பெருக்கியிருக்க மாட்டார்கள் என்று தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. பக்கத்தில் போய் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒன்று விடாமல் சொன்னாள். பை, போட்டோ, கிண்ணம், மிளகாய்.

டெனீஸ் மைக்கை அணைத்தாள்.

"நெலம் கை மாறுற ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து எங்கள க்ளீன் பண்ணிட்டுப் போறாங்க, மேம்" என்றாள். "நீங்க மொத ஆள் இல்ல. ஆனா இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்ல."

"பை ஒண்ணையும் நான் வெளிய அனுப்பல, சிஸ்டர். எல்லாம் இங்கயே இருக்கு. அள்ளுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவும் இருக்கு."

வாட்ஸ்அப்பில் பெருமை பீற்றிக்கொள்ள எடுத்த போட்டோக்கள் அன்றைக்குக் கைகொடுத்தன. போனில் இருந்த ஒவ்வொரு போட்டோவிலும் எடுத்த இடம் பதிவாகியிருந்தது. தஹ்ஸீன் அதை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைபடத்தில் குறித்து, "ஃபைவ் ஃபீட் லெஃப்ட், உம்மா, நோ, யுவர் அதர் லெஃப்ட்" என்று விரட்டினாள். அன்வர் பாட்சா சிவப்புக் கொடி நட்டுக்கொண்டே போனார். பெர்மிட் என்ற வார்த்தையை அன்று அவர் வாயிலெடுக்கவில்லை. நின்ற கடிகாரம் அதன் இடத்துக்குப் போனது, லாந்தர் கண்ணாடி அதன் இடத்துக்குப் போனது. மதியத்துக்குள் முப்பத்தாறு இடம் தேறியது. ஆழமில்லாத குழிகளாக, எல்லாம் கிழக்கு நோக்கி வரிசையாகக் கிடந்தன. "நம்ம மையவாடிய சும்மா கெழக்குப் பக்கமா ஒதுக்கிட்டாப் போச்சு" என்று அன்வர் பாட்சா யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். மெஹர் நிஷா அவரைக் கண் நிறைய ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்தது ரெண்டாவது தடவை.

டெனீஸ் மட்டும் எதையோ தேடிக்கொண்டே இருந்தாள்.

"எங்கம்மாவோடது கெடைக்கல" என்றாள். "எனக்கு அப்போ பத்து வயசு. அடக்கம் முடிஞ்ச மறுவாரமே என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மரத்துல செஞ்ச பேர்ப்பலகை மக்கிப் போயிருக்கும். எனக்கு ஞாபகம் இருக்கறதெல்லாம் ஒண்ணுதான். நீல கலர் சர்க்கரைக் கிண்ணம்."

மெஹர் நிஷா துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்ததைப் பிரித்தாள். டெனீஸ் இரண்டு கையாலும் வாங்கினாள், உடைந்த காதைக் கட்டைவிரலால் தடவினாள்.

ஆனால் அதற்குப் போட்டோ இல்லை. மற்றதெல்லாம் குப்பை என்று படமெடுத்தவள், பிடித்துப்போனதைப் படமெடுக்காமல் மடியில் போட்டுக்கொண்டாள். கிண்ணம் இருக்கிறது, இடம் இல்லை. டெனீஸ் கிண்ணத்தைப் பிடித்தபடி மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

மெஹர் நிஷா கண்ணை மூடிக்கொண்டாள். எங்கே பார்த்தோம்? சாப்பாட்டு நேரத்தில்தான். களைத்துப்போய் ஒரு நிழலில் உட்கார்ந்து, தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, கை ஊன்றியபோது விரலில் தட்டுப்பட்டது. எந்த நிழல்? ஒவ்வொரு சீடர் மரமாகப் போய் உட்கார்ந்து பார்த்தாள். முதல் மரம் இல்லை. இரண்டாவது இல்லை. ஐந்தாவது மரத்தடியில், வாள் மாதிரி இலை நீட்டிய செடிக்குப் பக்கத்தில், புல்லுக்குள் வெள்ளையாக ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தாள். முட்டை ஓடு. அவள் உரித்துப் போட்டது. ஊரையெல்லாம் பெருக்கியவள் தன் குப்பையை மட்டும் மண்ணுக்கு உரம் என்று அங்கேயே விட்டிருந்தாள்.

"இங்கதான்!" கத்தியே விட்டாள். கத்திய பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. டெனீஸ் ஓடிவந்து நின்றாள். கையில் கிண்ணம்.

"சிஸ்டர், என்னை மன்னிச்சிருங்க" என்றாள் மெஹர் நிஷா. "நான் அன்னிக்கு இங்கதான் உக்காந்தேன். எலுமிச்சம்பழச் சோறு, ரெண்டு முட்டை. உங்கம்மா மேல உக்காந்து வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் போயிருக்கேன்."

டெனீஸ் முட்டை ஓட்டைப் பார்த்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் மெஹர் நிஷா நினைத்தாள். அழுதாள்தான், ஆனால் கூடவே சிரித்தாள்.

"ரெண்டு முட்டைதானா?" என்றாள் டெனீஸ். "எங்கம்மா யாரையும் அவ்வளவோட எழுந்துக்க விட்டதே இல்ல, மேம்."