கிணற்றடியில் கிடந்த சட்டை

என் கணவருக்குப் பேய்ப் படம் என்றால் உயிர். எந்த மொழியில் வந்தாலும் பார்ப்பார், பேய் வரும் இடத்தில் சிரிப்பார். எங்கள் சபை மண்டபத்தில் உலக முடிவைப் பற்றிய படம் போடுகிறார்கள் என்று சொன்னதும் எனக்கு முன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றவர் அவர்தான். அவருடையது கோயிலுக்குப் போகிற குடும்பம். என்னுடையது மிஷன் காலத்திலிருந்து சபையில் இருக்கிற குடும்பம். கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் முறைத்தார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். கேரள எல்லையில், எங்கள் பாறசாலைப் பக்கம் இதெல்லாம் ஊர் பேசுகிற விஷயமே இல்லை.

அது மலையாளத்தில் டப் செய்த வெளிநாட்டுப் படம். எக்காளம் ஊதியதும் விசுவாசிகள் மட்டும் அப்படியே மறைந்துபோகிறார்கள். உடுப்பு மட்டும் இருந்த இடத்தில் கிடக்கிறது. ஒரு பஸ் டிரைவரின் சட்டை, பட்டன் போட்டபடியே சீட்டில் சரிகிறது. பஸ் ஆற்றுக்குள் போகிறது. மிச்சமிருப்பவர்களைக் கறுத்த உருவங்கள் துரத்தித் துரத்தி நெற்றியில் முத்திரை குத்துகின்றன. மண்டபத்தில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். இவர் என் காதருகே வந்து, "பட்டன் கழறாம ஆளு எப்பிடிட்டீ வெளிய வந்தான்? கொள்ளாம்!" என்றார். தொடையில் கிள்ளினேன்.

அவருக்கு அது பேய்ப் படம். எனக்கோ சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த செய்தி. பள்ளிவிட்டு வரும்போது அம்மா அடுக்களையில் இல்லையென்றால், இயேசுவின் வருகை நடந்துவிட்டது, என்னை மட்டும் கைவிட்டுவிட்டார்கள் என்று அலறியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பயம் இடம் மாறிக்கொண்டது. நான் போய்விட்டால் இந்த மனுஷன் தனியாக நிற்பாரே என்பதுதான் இப்போதைய பயம். நீ இதை நம்புகிறாயா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. காலையில் வேலைக்காக நெய்யாற்றின்கரைக்குப் போகும் ரயிலில் நிற்கும்போது நம்புவதில்லை. சாயங்காலம் ஜெபத்துக்கு உட்காரும்போது நம்புகிறேன். எது நான் என்று எனக்கே பிடிபடவில்லை.

அம்மா அடுத்த விளையில், அந்தத் தோப்பு வீட்டில், தனியாக இருக்கிறாள். குடும்ப ஜெபத்துக்கு மட்டும் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒவ்வொரு நாளும் தவறாமல், மருமகனையும் மந்தையில் சேர்த்தருளும் என்று கேட்பாள். பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் மருமகன் எல்லாருக்கும் மேலே குரலெடுத்து "ஆமென்" சொல்வார். ஒருநாள் ஏன் என்று நான் கேட்டதற்கு, "எனக்கு நல்லதுதானே கேக்குதாவ, பின்ன என்ன?" என்றார்.

படம் பார்த்த சில நாட்களில் அது நடந்தது. நான் வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்திலிருந்து வெயில் இறங்கும் முன்பே வந்துவிட்டேன். பக்கத்துக் கோயிலில் உற்சவம். கமுகில் கட்டிய ஸ்பீக்கரில் பாட்டு காதைப் பிளந்தது. வீடு திறந்து கிடந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆளைக் காணவில்லை. பின்பக்கம் போனேன்.

கிணற்றடியில் அவருடைய கைலியும் சட்டையும் கிடந்தன. சட்டையில் எல்லாப் பட்டனும் போட்டபடி இருந்தது. மேலே ஃபோன், ஃபோனுக்கு மேல் கல்யாண மோதிரம். செருப்பு இரண்டும் பக்கத்தில் ஒழுங்காக நின்றன.

உலகத்தில் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் முதலில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்திருப்பாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயில் முதலில் வந்தது "ஸ்தோத்திரம்". அவரை எடுத்துக்கொண்டார்கள், இனி எனக்கு அந்தக் கவலை இல்லை. அதற்குள்ளேயே ஒரு கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள் நான். பேய்க்குச் சிரிக்கிற இந்த ஆள் போய்விட்டார், நான் இங்கே துவைகல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். சந்தோஷமா, பொறாமையா, துக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மோதிரத்தை எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு ஓடினேன். கண்டிப்பாக எடுத்துக்கொள்ளப்படுகிற ஆள் என்று எங்கள் சபையில் ஒருவர் உண்டென்றால் அது அம்மாதான்.

அம்மா டிவியில் சீரியல் பார்த்தபடி நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவரைக் காணல. துணி மட்டும் கெடக்கு. பட்டன்கூடக் கழறல."

கிறுக்கு பிடித்ததா என்று திட்டுவாள், எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். அம்மா திட்டவில்லை. மீன் கையோடு தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பம் நான்?" என்றாள். "மக்கா, என்னையும் விட்டுட்டாரா?"

அப்படியொரு முகத்தை அம்மாவிடம் நான் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிவந்து வானத்தை அண்ணாந்து பார்த்தோம். ஒரு கொக்கு போயிற்று. ஸ்பீக்கரில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால், மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எட்டீ! செத்துப் போவேன், கயிறு போடு!"

மோட்டார் குழாயின் அடியில் தண்ணீருக்குள் இருக்கும் ஃபுட்வால்வ் அடைத்துக்கொண்டதென்று துண்டைக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்கியிருக்கிறார். அவிழ்ந்த கயிறு அவருக்குப் பின்னாலேயே தண்ணீரில் விழுந்திருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தியது எதுவும் பாட்டுச் சத்தத்தில் வெளியே வரவில்லை. சட்டையில் மேல் பட்டனை மட்டும் கழற்றித் தலைவழியாக உருவிவிட்டு, மறுபடி அதையும் போட்டுவைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அதற்காக அவரோடு சண்டை போடுகிறவள் நான்தான். அன்று அது ஞாபகத்துக்கே வரவில்லை.

மாட்டுக்கயிற்றைத் தூணில் கட்டிப் போட்டோம். மேலே வந்ததும், "ஆளில்லாத நேரத்துல கெணத்துல எறங்குவியளா?" என்று முதுகில் நாலு அடி வைத்தேன். குளிரில் பல் தந்தியடிக்க, "நீ வந்தப்பம் நெழலு உள்ள விழுந்து தெரிஞ்சுது. பின்ன எங்கயாக்கும் ஓடினே?" என்று கேட்டார்.

"நீங்க போயிட்டியண்ணு நெனச்சேன்."

"எங்க?"

மேலே கையைக் காட்டினேன்.

சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "என்னை எடுத்துட்டு உன்னை விட்டுட்டாவண்ணா?" என்றார். தலையாட்டிவிட்டு, கைக்குள் இருந்த மோதிரத்தை நீட்டினேன். நீரில் ஊறித் தடித்த விரலில் மோதிரம் ஏறவில்லை. திருகித் திருகிப் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

அன்று ஜெபத்துக்கு உட்கார்ந்ததும், "நீயே ஜெபி" என்றாள் அம்மா. ஜெபத்தில் நாங்கள் பைபிள் தமிழ்தான் பேசுவோம். எனக்கு அன்று வீட்டுத் தமிழ்தான் வந்தது.

"ஆண்டவரே, எடுக்கதாணெங்கி எங்க ரெண்டு பேரையும் சேத்து எடும். இல்லெங்கி ரெண்டு பேரையும் இஞ்சயே விட்டுரும்."

அப்படிக் கேட்கலாமா என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. பக்கத்தில் அவர் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அம்மாதான் முதலில் "ஆமென்" சொன்னாள்.