இரவல் தொண்டையில் ஒரு ஜாஸ் தொகுப்பு

என்னுடைய மனுசன் நித்தியானந்தன் மேடையேறிப் பாடத் தொடங்கி எத்தனையோ வருசமாகிவிட்டது. ஆனால் அவருடைய சொந்தக் குரல் எப்படியிருக்கும் என்று மெல்பேர்ணில் ஒரு சனத்துக்கும் தெரியாது. கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு எதுவென்றாலும் நோபல் பார்க்கிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து கோட்டும் சூட்டுமாகப் போய், ஒரு பெரிய சினிமாப் பாடகரின் தொண்டையை இரவல் வாங்கிப் பாடிவிட்டு வருவார். அந்தப் பாடகர் பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்கினால் இவரும் அதே இடத்தில் வாங்குவார். "அச்சொட்டா அவரேதான்!" என்று சனம் கை தட்டும். மனிதருக்கு வேறு சொர்க்கம் வேண்டாம்.

போன வருசம் சிட்னியில் யாரோ ஒருவர் பாட்டுத் தொகுப்பு வெளியிட்டுவிட்டார். இவருக்கு வயிறு எரிந்தது.

"நான் ஜாஸ் போடப்போறன், யோகா."

"ஜாஸ் எண்டால் என்னப்பா?"

"கோட் போட்டுக்கொண்டு ஆறுதலாப் பாடுறது."

கோட்தான் ஏற்கெனவே இருந்ததே! பாட்டையும் தானே எழுதினார். தமிழ் பாவம்.

ஒலிப்பதிவுக்கு நானும் போனேன். பியானோ வாசித்த ஹெலன் என்ற வெள்ளைக்காரி பாதியில் கையை எடுத்துவிட்டாள். "மேடைக்குப் பாடுகிற ஆளை வெளியில் விட்டுவிட்டு வாருங்கள். எனக்கு உங்கள் குரல் வேண்டும்" என்றாள். இவர் களவில் பிடிபட்டவர் மாதிரி முழித்தார். கலியாணம் கட்டின நாளிலிருந்து இந்த மனிதர் உண்மையில் எப்படிப் பாடுவார் என்று கேட்க நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பாடினார். கரகரத்த குரல், கொஞ்சம் மூக்கால் வந்தது. உச்சத்தில் ஓரிடம் உடைந்தது. ஐயோ, எவ்வளவு நல்லாயிருந்தது! நான் அழுதுவிட்டேன். "இதுதான், இதுதான்" என்றாள் ஹெலன்.

பதிவைப் போட்டுக் கேட்டதும் இவர் முகம் கோணியது. "சீ, பஸ் கொண்டக்டர் கத்தின மாதிரிக் கிடக்கு" என்றார். முழுத் தொகுப்பையும் பழைய இரவல் தொண்டையிலேயே பாடி முடித்தார். கோழை!

வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். தலைமை தாங்கிய ஆனந்தராஜா, தொகுப்பின் உறையைக்கூடப் பிரிக்காதவர், "ஜாஸிலையும் அச்சொட்டா அவரேதான்!" என்று முழங்கினார். சனம் எழும்பி நின்று தட்டியது. ஹெலன் வரவில்லை. வந்திருந்தால் எனக்குத்தான் வெட்கம்.

அடுத்த கிழமை, அன்றைக்கு ஒதுக்கிவைத்த அந்தப் பதிவை ஹெலன் எனக்கு அனுப்பியிருந்தாள். குசினியில் அடுப்படியில் போனைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன். இவர் ஹோலிலிருந்து ஓடிவந்து முதலில் யன்னலைச் சாத்தினார்.

"உந்தப் பதிவை அழியும், யோகா. பக்கத்து வீட்டிலை ஆரும் கேட்டால் நான்தான் பாடுறன் எண்டு நினைச்சுப்போடுவினம்."