இரண்டு முறை கூட்டிய தூக்கம்

போன வாரம் முழுக்க ஒருத்தி மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். உங்களிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்?

அவள் கனகா. கடையத்தில் இருக்கும் என் பெரியம்மா மகள். ஒரே வயது, ஒரே காலேஜ், இப்போது ஒரே கம்பெனி. இருவருக்கும் வீட்டிலிருந்தேதான் வேலை. நோயாளிகளுக்கு மாத்திரை நேரத்தை மணி அடித்துச் சொல்லும் ஒரு சின்னக் கருவி... அதற்குள் ஓடும் சாஃப்ட்வேர்தான் எங்கள் பிழைப்பு.

பேட்டரி தீராமல் இருக்க அந்தக் கருவி அடிக்கடி தூங்கிவிடும். எழுந்ததும், எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று பார்த்துத் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். எங்கள் கருவியோ எழுந்ததும் முன்னால் ஓடியது. மதிய மாத்திரைக்குக் காலையிலேயே மணி அடித்தது. பல வாரங்களாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

சீசனுக்குக் குற்றாலம் குளிக்க வந்த கனகா, தென்காசியில் என் வீட்டில் ஈரத் தலையோடு உட்கார்ந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

“ஏட்டி, தூங்குன நேரத்த ரெண்டு எடத்துல கூட்டுதே. பாக்கலியா?”

பார்க்கவில்லை. மெயின் சிப் தன் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முறை கூட்டியது. தனி பேட்டரியில் ஓடும் இன்னொரு கடிகாரமும் அதே நேரத்தை மறுபடி கூட்டியது. இரண்டாவது கணக்கை நீக்கினாள். சரியாகிவிட்டது.

“சின்னப்புள்ளையிலயே இவ இப்படித்தான்” என்று அம்மா அவள் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். எனக்கு? சட்னி தீர்ந்துவிட்டதாம்.

அவள் ஊருக்குப் போனதும், என்னிடம் இருந்த எல்லா மாடல்களையும் மேஜையில் பரப்பினேன். தூங்க வை, எழுப்பு, மணியைப் பார். நல்லெண்ணத்தில் அல்ல... ஒன்றாவது தப்பு காட்டாதா என்ற ஆசையில்.

காட்டியது. ஒரு பழைய மாடலில், ஆழ்ந்த தூக்கத்தின்போது மெயின் சிப்பின் கடிகாரமே நின்றுவிடுகிறது. கனகா நீக்கிய அந்த இரண்டாவது கணக்குதான் அதற்கு ஒரே துணை. இப்போது மணி பின்தங்கி நின்றது.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே... டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னால் என்ன?

ஆனால் அன்று சாயங்காலமே அந்தத் திருத்தம் வீடுகளில் இருக்கும் கருவிகளுக்குப் போவதாக இருந்தது. பழைய மாடலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மணிக்குக் காத்திருப்பவர் யாரோ? டீயை அப்படியே வைத்தேன். போனை எடுத்தேன்.

“கனகா, அத நிறுத்தச் சொல்லுட்டி. பழைய மாடல்ல மணி பின்னால போவுது.”

நிறுத்தச் சொல்லிவிட்டு அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

“நான் அத யோசிக்கவே இல்லட்டி. நல்லவேள நீ பாத்த.”

இவ்வளவு சுலபமாகத் தப்பை ஒத்துக்கொள்கிறாளே... அதற்கும் பொறாமைப்பட்டேன்.

போனில் பேசிப் பேசியே சரிசெய்தோம். சிப்பின் கடிகாரம் நிற்காத மாடல்களில் மட்டும் இரண்டாவது கணக்கை நீக்கினோம். திருத்தம் இருவர் பெயரிலும் போனது.

“எவ்வளவு அக்கறையா டெஸ்ட் பண்ணிருக்கீங்க” என்று மேனேஜர் என்னைப் பாராட்டினார்.

பொறாமைக்காரியை விட நன்றாக டெஸ்ட் செய்ய யாரால் முடியும்? அக்கறை என்றே இருக்கட்டும் என்று தலையாட்டி வைத்தேன்.