வேண்டாம் அக்காவும் இரண்டு மணிப் பயணமும்

கழிமுகத்தை ஒட்டி, கயாக் என்னும் சின்னத் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடும் கொட்டகையில் அவளுக்குப் பெயர் ‘வேண்டாம் அக்கா’. பெயர் வைத்தது அவளுடைய கொழுந்தன். கொட்டகையின் முதலாளியும் அவன்தான். வந்தவர்கள் கேட்பதற்கெல்லாம் ‘சரி’ சொல்வது அவன் வேலை; பின்னாலேயே போய் ‘வேண்டாம்’ சொல்வது அவள் வேலை. குடும்பத் தொழிலில் பொறுப்பைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டுமல்லவா?

அதற்கு முன் பதினெட்டு வருடம் அவள் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டருக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ‘அரை மணியில முடிச்சிடுவேன்’ என்று உள்ளே போன டாக்டர்கள் மூன்று மணி நேரம் கழித்து வெளியே வருவதைப் பார்த்துப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு யார் நேரம் சொன்னாலும் நம்பாத நல்ல பழக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வேலையை விட்டதும் கொழுந்தன் கூப்பிட்டான். தினமும் காலையில் ஓத அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் ஏறும் நேரம், வடியும் நேரம், காற்றின் வேகம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் வெள்ளைப் பலகையில் எழுதி வைப்பாள். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். கொழுந்தனோ ‘தினமும் பகல் இரண்டு மணிக்குப் பயணம்’ என்று ஆயிரம் நோட்டீஸ் அடித்து வைத்திருந்தான். கடலுக்கு ஒரு நோட்டீஸ் கொடுக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். ஒரு பெரிய தொழிற்சாலையின் பாதுகாப்புத் துறை.

“தம்பி, இன்னைக்கு ரெண்டு மணிக்கு வேண்டாம்” என்றாள் அவள். “நாலு இருபது வரைக்கும் தண்ணி வடியும். போகும்போது நீரோட்டமே தள்ளிட்டுப் போயிடும், ஜாலியாத்தான் இருக்கும். எதிர்ல இருக்கிற தீவுக்குப் பின்னாடி போனா வெறும் சேறு.”

“அண்ணி, காலைல அவங்களுக்கு மீட்டிங். இப்பத்தான் நேரம் கிடைச்சிருக்கு.”

“கடல்கிட்ட சொல்லிட்டியா?”

பாதுகாப்பு அதிகாரி குறுக்கே வந்தார். “மேடம், ஆபத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் எங்க தொழிலே.”

“அப்படியா? பலகையப் பாத்தீங்களா?”

பலகையை அவர் பார்த்தார். அதன் முன்னால் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

லைஃப் ஜாக்கெட் வார்களை ஒவ்வொருவருக்கும் இழுத்துப் பார்த்தாள். கொழுந்தனின் கழுத்தில், நீர் புகாத பையில் போட்டுப் போனை மாட்டினாள். “தீவுக்கு இந்தப் பக்கமே நின்னுடு” என்றாள். “சரி அண்ணி” என்றான். அவனுக்குத்தான் எல்லாமே சரியாயிற்றே.

மூன்று பத்துக்குப் போன் வந்தது.

“அண்ணி, ஒரு சின்ன விஷயம்...”

“சேறா?”

“ஆமா அண்ணி, தீவுக்குப் பின்னாடி வந்துட்டோம். சார் தள்ளறேன்னு இறங்கிட்டாரு. தொடை வரைக்கும் போயிடுச்சு.”

“வேற யாரும் இறங்க வேண்டாம். அவரு உதற வேண்டாம். ரெண்டு கயாக்கை அவருக்கு ரெண்டு பக்கமும் கொண்டு வாங்க. மேல குப்புறப் படுத்து, கால மெதுவா ஆட்டி ஆட்டி எடுக்கச் சொல்லு.”

இத்தனை வருடத்தில் அவள் சொன்ன ‘வேண்டாம்’ எதற்கும் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. கடலோர மீட்பு நிலையத்துக்கும் சொல்லிவிட்டு, பைனாகுலரோடு படகுத்துறையில் போய் நின்றாள். தியேட்டர் வாசலில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் உறவுக்காரர்களிடம், ‘உட்காருங்க, நேரமாகும்’ என்று எத்தனை சுலபமாகச் சொல்லியிருக்கிறோம் என்று தோன்றியது. அவளால் உட்கார முடியவில்லை.

கால் மணி நேரத்தில் மறுபடியும் போன். கால் வெளியே வந்துவிட்டது, ஷூ வரவில்லை.

“அப்படியே உக்காந்திருங்க. அஞ்சரைக்குத் தண்ணியே தூக்கி விடும்.”

ஐந்து முப்பத்து நாலுக்குத் தூக்கியது. நாலு நிமிடத் தாமதத்துக்குக் கடல் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. ஆறே காலுக்கு எல்லோரும் கரையேறினார்கள். அதிகாரி ஒற்றை ஷூவோடு அவளைக் கடந்து போனார். கொழுந்தன் மட்டும் அவளருகில் வந்து, தலையைக் குனிந்தபடி, “பயந்துட்டேன் அண்ணி” என்றான்.

“நானும்தான்” என்றாள்.

நோட்டீஸ்கள் எல்லாம் கயாக் துடைக்கப் போய்விட்டன. யார் நேரம் கேட்டாலும் இப்போது அவன், “அண்ணியக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்கிறான்.

ஒரு மாதம் கழித்துப் பாதுகாப்புத் துறையிலிருந்து நாற்பது பக்க அறிக்கை வந்தது. சம்பவத்துக்குக் காரணம், ‘முன்கூட்டியே கணிக்க முடியாத இயற்கைச் சூழல்’. அவள் நாற்பது பக்கத்தையும் பொறுமையாகப் படித்தாள். அடுத்த வருடத்துக்கான ஓத அட்டவணை அப்போதே அச்சாகிக் கடைக்கு வந்திருந்தது. அதில் ஒன்று வாங்கி, அதிகாரியின் பெயருக்குத் தபாலில் அனுப்பி வைத்தாள்.